ஜமீன் மாட்டின் வலது கண்

ராயபுரம் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த வால்டருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, அவர் கை பட்ட மாடு உதைத்ததில்லை. இரண்டு, காசிமேட்டுக் கரையில் நின்றுகொண்டு அவர் பேர் படிக்காத கப்பல் இல்லை.

முதல் பெருமை அவருக்குத் தானாக வந்தது. பத்தொன்பது வயதில் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை என்று உத்தரவு வந்தபோது வீடே கொண்டாடியது. அம்மா வியாகுலம்மாள் தெருவுக்கெல்லாம் பால்கோவா கொடுத்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால், வரிசையில் நின்ற நோயாளிகளுக்கெல்லாம் கொம்பு இருந்தது. வியாகுலம்மாள் அரைநாள் அழுதாள். பிறகு முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, "போவட்டும் உடு. மன்சன் மாதிரி மருந்த வாங்கிக்கினு போயி சாக்கடைல ஊத்தாது," என்று சொல்லி மகனை வேலைக்கு அனுப்பினாள். வால்டர் அதற்குப் பிறகு வேறு வேலை தேடவே இல்லை.

இரண்டாவது பெருமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காத கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நாள்கணக்கில் நிற்கும். சாயங்காலமானால் கரையோரத்துக் கல்மேட்டில் ஆண்கள் உட்கார்ந்துகொண்டு பந்தயம் கட்டுவார்கள். என்ன கொடி, புகைபோக்கியில் எத்தனை பட்டை, முன்புறத்தில் என்ன பேர். தோற்றவன் எல்லோருக்கும் பட்டாணி வாங்கித் தரவேண்டும். அந்தப் பக்கத்தில் கண் பரிசோதனை என்றால் அதுதான். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் "பையனுக்குக் கண்ணு எப்படி?" என்று கேட்டால், "சோக்கா கப்பல் படிப்பான்," என்று பதில் வரும். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

வால்டர் நாற்பத்தேழு வயதிலும் கப்பல் படித்தார். இருபது வயதுப் பையன்கள் கண்ணை இடுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுத்துக்கூட்டிப் பேரைச் சொல்லிவிட்டுப் பட்டாணிக்குக் கையை நீட்டுவார். அதனால், தன் கண்ணில் ஒரு குறை இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் வருஷத்து ஆடி மாதம். காற்று மண்ணை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அங்கம்மா தன் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

அங்கம்மா வண்டிக்காரி. காசிமேட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு மீன் கூடை ஏற்றிப்போவது அவளுடைய பிழைப்பு. புருஷன் செத்த பிறகு, வண்டியையும் மாட்டையும் விற்றுவிட்டு வீட்டோடு கிட என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "அப்ப நானும் வண்டில ஏறிக் குந்திக்கிறேன், சேத்து வித்துடுங்க," என்றாள். மறுநாள் விடிகாலையில் மூக்கணாங்கயிறு அவள் கையில் இருந்தது.

மாட்டின் பேர் ஜமீன். எதிரே எது வந்தாலும் வழிவிடாமல், பின்னால் பஸ்காரன் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காமல், தன் சொந்த நிலத்தில் நடக்கிற மாதிரி நடக்கும். அதனால் வந்த பேர்.

"இன்னாமே, ஜமீன்தார் கண்ணீர் உட்டுக்கினு வர்றாரு?" என்றார் வால்டர்.

"அத்த ஏன் கேக்கற நைனா. ரெண்டு வாரமா ஒரே பேஜாரு. வலப்பக்கம் லாரி வந்திச்சின்னா எகிறிக் குதிக்குது. முந்தாநேத்து மன்னார்சாமி கோயில் தெருவுல டீக்கடை பெஞ்சு மேலயே வண்டிய ஏத்திடுச்சு."

"ஐயையோ. யாருக்காச்சும் அடியா?"

"பெஞ்சுக்குத்தான். குந்திக்கினு இருந்தவன் கிளாஸுல ஒரு சொட்டு சிந்தாம எழுந்து ஓடுனான். அப்படி ஒரு டீ ஆசை."

வால்டர் சிரித்துக்கொண்டே ஜமீனின் தலையைத் தட்டிக்கொடுத்தார். கொம்புக் கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டு, வலது கண்ணின் இமைகளை இரண்டு விரலால் பிரித்தார். பிரித்தவர், தன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நாலைந்து வருஷமாகவே அவர் எதையும் அப்படித்தான் பார்ப்பார். கையை முழுசாக நீட்டி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, சினிமா பேனர் எழுதுகிறவன் தள்ளி நின்று பார்ப்பதுபோல. வண்டிக்காரர்களுக்கு அது ஒரு தோரணையாகத் தெரிந்தது. அவருக்கும்தான்.

"கண்ணு பளிங்கு மாதிரி கீது," என்றார்.

"அப்ப தண்ணி வடியுதே?"

"காத்து. மண்ணு பறக்குதில்ல." போரிக் தண்ணீரில் பஞ்சை முக்கிக் கண்ணைக் கழுவிவிட்டார். "இது கண்ணு சமாச்சாரம் இல்லமே. மெர்சலு. வயசான மாட்டுக்கு இந்த பயம் வந்தா போவறது கஷ்டம். ரோட்டுல ஓட்டாத. ஒரு நாள் புள்ளைங்க மேல ஏறிடும்."

அங்கம்மா ஜமீனின் திமிலைத் தடவினாள். "டாக்டரு வந்தா ஒரு தபா காட்டவா?"

டாக்டர் ராமசுப்புவுக்கு மூன்று ஆஸ்பத்திரிகள். ராயபுரத்துக்குத் திங்கள், சனி மட்டும் வருவார். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி என்றால் வால்டர்தான். "காட்டு, வாணான்னு சொல்லல. ஆனா அவரும் இத்தத்தான் சொல்லுவாரு."

"நீ சொன்னா போதும் நைனா. இருபத்தெட்டு வருசமா பாக்கற." கயிற்றை அவிழ்த்தாள். ஓட்ட முடியாத வண்டி மாட்டுக்கு அந்த ஊரில் ஒரே இடம்தான். புளியந்தோப்பு அறுப்புக்கூடம். அதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அங்கம்மா முந்தானையால் ஜமீனின் முகத்தை அழுந்தத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "எட்டு வருசம் சோறு போட்டதுக்கு நல்லா கும்புடு போட்ட போ, கஸ்மாலம்," என்று திட்டினாள். தெருமுனை திரும்பும்வரை அந்தத் திட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. குரல் மட்டும் உடைந்து உடைந்து வந்தது.

வால்டருக்கு அன்று முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை.

வால்டரின் மனைவி ஆலிஸ் வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தாள். மெஷினில் உட்கார்ந்தபடியே தெருவில் நடப்பது எல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டுக்குள் நடப்பதும் தெரியும். புருஷன் பேப்பரை நீட்டிப் பிடித்துப் படிப்பதும், கை நீளம் போதாமல் பேப்பரை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிப்போட்டுக்கொள்வதும், ஆஸ்பத்திரியில் காயம் தைக்க ஊசியில் நூல் கோக்கும் வேலையை வண்டிக்காரர்களிடம் "கொஞ்சம் புடிப்பா" என்று தள்ளிவிடுவதும் அவளுக்குத் தெரியும். சொல்லிப்பார்த்திருக்கிறாள். "கப்பல் படிக்கிற கண்ணுக்குக் கண்ணாடியா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

வியாழக்கிழமை மத்தியானம் மத்தி மீன் குழம்பு. இரண்டாவது வாயிலேயே வால்டருக்குத் தொண்டையில் முள் மாட்டிக்கொண்டது. வெறும் சோற்றை உருண்டையாக விழுங்கி, முதுகில் நாலு அடி வாங்கி, கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்தார்.

"பாத்து தின்னக்கூடாதா?"

"பாத்துக்கினுதான் தின்னேன்."

"கப்பலாண்ட இருந்து பாத்திருப்பே. தட்டு இங்க கீது."

வால்டர் தட்டைத் தள்ளிவைத்தார். மாட்டு விஷயம் மனசில் கிடந்தது. "அங்கம்மா நாளைக்கு ஜமீனக் குடுத்துடறாளாம்," என்றார். "தரகரு வர்றாராம்."

ஆலிஸ் புருஷனையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்து, மிச்சமிருந்த மீனில் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"மணிக்கூண்டாண்ட புதுசா கண்ணு மருந்தகம் தொறந்துக்கீறாங்களே, அங்க கீற பொண்ணு ஷரீஃபுன்னிசா நம்பகிட்டதான் துணி தைக்குது. அதும் பூனைக்குக் கண்ணு வீங்கிக் கீதாம். காலைல போவச்சொல்ல ஒரு எட்டு பாத்துட்டுப் போயேன். பாவம், வாயில்லா ஜீவன்."

வாயில்லா ஜீவன் என்றால் வால்டர் மறுக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

ஷரீஃபுன்னிசாவுக்கு இருபத்துமூன்று வயது. தகப்பனார் ரயில்வேயில் ஃபிட்டர். எழும்பூரில் கண் பரிசோதனைப் படிப்பு முடித்துவிட்டு வந்து, ஒரு தரும டிரஸ்ட் நடத்திய இந்த மருந்தகத்தில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சுவரில் எழுத்து அட்டை மாட்டியிருந்தாள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு, மூன்று பல் சீப்புப் போன்ற ஒரே எழுத்தை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பித் திருப்பிப் போட்ட இன்னோர் அட்டையும் இருந்தது. பெட்டி நிறைய வட்ட வட்டமாகக் கண்ணாடிச் சில்லுகள். எல்லாம் இருந்தது, ஆள்தான் வரவில்லை. கப்பல் படிக்கிற ஊரில் யார் வருவார்கள்? வருவது பூனை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வால்டர் தோல்பையோடு உள்ளே நுழைந்தார்.

"பூனைய எடும்மா, பாக்கலாம்."

பூனையின் கண்ணில் உண்மையாகவே வீக்கம் இருந்தது. ஆலிஸ் முழுப்பொய் சொல்கிறவள் இல்லை. வால்டர் அதைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். பிறகு கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். பூனை அந்தரத்தில் தொங்கிக்கொண்டு அவரைப் பார்த்தது.

"அண்ணே," என்றாள் ஷரீஃபுன்னிசா, "பூனை கடிக்காது."

"தெரியும்மா."

"அப்ப ஏன் அவ்வளோ தூரத்துல புடிக்கிறீங்க? கிட்ட வெச்சுப் பாருங்களேன்."

கிட்டே கொண்டுவந்தார். பூனையின் முகம் ஒரு சாம்பல் நிறப் பஞ்சுப்பொதியாகிவிட்டது. மீசையும் இல்லை, மூக்கும் இல்லை. மறுபடி கையை நீட்டினார்.

"இங்கதான் தெளிவா கீது."

"இருங்க." அவள் பூனையை வாங்கிக்கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்து ஓர் இரும்புச் சட்டத்தை எடுத்து அவர் மூக்கில் வைத்து, காதில் மாட்டி, இரண்டு சில்லுகளைச் செருகினாள். "இப்ப பாருங்க."

"எனக்கு இன்னாத்துக்கு? நான் கப்பல்..."

சொல்ல வந்தது நின்றுவிட்டது. பூனைக்கு மீசை முளைத்திருந்தது. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக. மூக்கின் மேல் ஒரு கீறல், அதில் காய்ந்த ரத்தப் பொருக்கு. காதுக்குப் பின்னால் ஒரு தெள்ளுப்பூச்சி ஏதோ அவசர வேலையாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏம்மா, இந்த பூனைக்கு இவ்ளோ முடியா?"

"எல்லாப் பூனைக்கும் அவ்வளோதான் அண்ணே."

வால்டர் சத்தம்போட்டுச் சிரித்தார். தன் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் ரேகை தெரிந்தது. சட்டைப் பொத்தானில் ஆலிஸ் வேறு நிற நூல் போட்டுத் தைத்திருந்தது தெரிந்தது. "மூணு வருசமா ஏமாத்திக்கினு கீறா பாரு!" மேஜை மேல் இருந்த துண்டுக் காகிதத்தை எடுத்து, மூக்குக்கு அருகே வைத்துப் படித்தார். ஐஸ் கம்பெனி நோட்டீஸ். அதை ஜெபம்போல முழுசாகப் படித்தார்.

"இதுக்குப் பேரு வெள்ளெழுத்து," என்றாள் ஷரீஃபுன்னிசா. அவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. நாலு மாதத்தில் இதுதான் முதல் சந்தோஷம். "நாற்பதுக்கு மேல எல்லாருக்கும் வரும். தூரத்துல நல்லாத் தெரியும். அதான் உங்களுக்குத் தெரியல. கப்பல் என்ன, உங்க மூக்கு மேலயா நிக்குது?"

வால்டர் பூனையின் இமையைப் பிரித்தார். சிவந்த விழியின் ஓரத்தில் ஒரு மயிர் உள்ளே மடங்கிக் குத்திக்கொண்டிருந்தது. பையிலிருந்து இடுக்கியை எடுத்து, பிடித்து, இழுத்தார். நொடியில் வந்துவிட்டது. இடுக்கி நுனியில் அதைத் தூக்கிப் பார்த்தார். அந்தச் சட்டம் இல்லாமல் பார்த்திருந்தால்? பூனையின் கண் பளிங்கு மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருப்பார்.

பளிங்கு.

கையிலிருந்த இடுக்கியை மேஜைமேல் வைத்தார். செவ்வாய்க்கிழமை ஜமீனின் கண்ணில் அவர் என்ன பார்த்தார்? ஈரமான ஒரு பளபளப்பு. அவ்வளவுதான். அதற்கு மேல் அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

"மணி இன்னாம்மா?"

"ஒன்பதே கால்."

"ஐயோ, அங்கம்மா!" என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். பாய்ந்தவர் படியைக் காணாமல் தடுக்கி, எதிரே வந்த தயிர்க்காரியை விலக்கி, தெருவில் ஓடினார்.

"அண்ணே! சட்டம்! டிரஸ்ட் சாமான் அண்ணே!" என்று கத்திக்கொண்டு ஷரீஃபுன்னிசா பின்னால் ஓடினாள். ஒரு கையில் துப்பட்டா, மறுகையில் கண் பார்க்கும் சின்ன டார்ச்சு விளக்கு. அதை ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்றை மறந்துவிட்டாள். கதவைப் பூட்டவில்லை. அன்று முழுவதும் மருந்தகத்தைப் பூனைதான் பார்த்துக்கொண்டது.

சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் ஹென்றி இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டான். வால்டரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். "இன்னா கம்பவுண்டரே, மூஞ்சில சைக்கிள் பார்ட்டுலாம் மாட்டிக்கினு கீறே?"

"புளியந்தோப்பு! மிதிடா!"

பேசின் பாலம் போகிற சாலையில் ரிக்‌ஷா ஓடியது. வால்டர் முன்னால் குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. லாரியெல்லாம் கஞ்சித் தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருந்தது. "ஏம்மா, என் கண்ணு போச்சும்மா! தூரம் மொத்தம் போச்சு!"

"கிட்டப் பாக்குற சில்லு அண்ணே அது. தூரத்துக்குக் கழட்டிடணும்."

"கயட்டுனா கிட்ட தெரியாதே!"

"கிட்ட இப்ப என்ன இருக்குது பாக்கறதுக்கு? ஹென்றி முதுகுதானே!"

ஆனாலும் அவர் கழற்றவில்லை. கழற்றினால் போய்விடுமோ என்று பயம். இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அதனால், ராயபுரத்தில் கப்பல் படிப்பதில் முதல் ஆளான வால்டருக்கு, அன்று சாலையைப் பார்த்துச் சொன்னவள் ஷரீஃபுன்னிசாதான். "மாட்டு வண்டி வருது... அது இல்ல, கறுப்பு மாடு. எருமை. அதோ ஒரு அம்மா வெள்ளை மாட்டைப் புடிச்சிட்டு நடந்து போறாங்க. பக்கத்துல ஒரு ஆள், குடை வெச்சிருக்காரு. தோள்ல புதுக் கயிறு."

"தோள்ல கீதா? மாட்டு கழுத்துல இல்லியே?"

"தோள்லதான்."

"அப்ப இன்னும் விக்கல," என்றார் வால்டர். ஓடத் தொடங்கியதிலிருந்து அப்போதுதான் மூச்சை முழுசாக விட்டார்.

மாட்டை விற்கிறவர்கள் கயிற்றோடு விற்பதில்லை. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி முடித்தாலும், வாங்குகிறவன் கொண்டுவந்த புதுக் கயிறு ஏறி, பழைய கயிறு விற்றவர் கைக்குத் திரும்பினால்தான் மாடு கைமாறியதாகக் கணக்கு. அதுவரைக்கும் வீட்டு மாடுதான். அங்கம்மா தரகரிடம் பேச்சை முடித்துவிட்டாள். ஆனால் கயிற்றை மட்டும் மாற்றவிடவில்லை. "அங்க வந்து மாத்திக்கோ. அது வரிக்கும் என் கயித்துல என்கூட நடக்கட்டும்," என்று தானே பிடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். ஜமீனும் சாலை நடுவில் நடந்துகொண்டிருந்தது.

"அங்கம்மா! நில்லுமே!"

அங்கம்மா திரும்பினாள். இரும்பு மூஞ்சியோடு ஒரு மனிதர் ரிக்‌ஷாவிலிருந்து குதித்து, தன்னைத் தாண்டிப் போய், குடைக்காரரைப் பிடித்து "அங்கம்மா, அங்கம்மா" என்று உலுக்குவதைக் கண்டாள்.

"நான் இங்க கீறேன் நைனா. இன்னா ஆச்சு உனுக்கு?"

"மாட்டப் புடி. கண்ணப் பாக்கணும்."

"அதான் பாத்தியே."

"பாக்கலமே. பாத்தா மாதிரி நின்னேன்."

ஜமீனைச் சாலையோரம் ஒரு விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். தரகர் குடையை மடக்கிவிட்டு முறைத்தார். வேலைக்குப் போகிறவர்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். வால்டர் பையிலிருந்து கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை எடுத்து வலது கண்ணில் விட்டார். இமையைப் பிரித்தார். இந்தத் தடவை தலையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. ஜமீனின் மூச்சு முகத்தில் அடிக்கும் அளவுக்குக் கிட்டே போனார்.

"விளக்க சாய்ச்சுப் புடிம்மா."

ஷரீஃபுன்னிசா டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாள். அவளுக்கு மனிதர்களின் கண்தான் பழக்கம். உள்ளங்கையகலத்துக்கு ஒரு கண்ணைப் பார்த்து, "அல்லா, எவ்வளோ அழகு," என்று முணுமுணுத்தாள். அப்புறம், "அண்ணே, கீழ் ஓரத்துல பாருங்க. ஒரு கோடு மின்னுது," என்றாள்.

வால்டருக்கும் தெரிந்தது. விழியின் மேலேயே, பிறை மாதிரி மெல்லிய ஒரு விளிம்பு. கண்ணாடித்தாள்போல ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி விழி பால் நிறத்தில் மங்கியிருந்தது. ஈரப் பஞ்சைக் குச்சியில் சுற்றி, விளிம்புக்கு அடியில் கொடுத்து, மெதுவாகப் புரட்டினார். ஒரு தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை பஞ்சோடு வந்தது.

அதைத் தன் புறங்கையில் வைத்துக் காட்டினார். சின்னக் காசு அளவுக்கு வட்டமாக, உள்ளே வளையம் வளையமாக ஒரு மீன் செதில்.

"இது வஞ்சிரமா?" என்றான் ஹென்றி.

"கொடுவா," என்றாள் அங்கம்மா உடனே. தொழில் அது. பிறகு தன் முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மீன் கூடை இறக்கி, கையைத் துடைத்து, அதே முந்தானையால் எட்டு வருஷமாக ஒரு நாள் விடாமல் ஜமீனின் முகத்தைத் துடைத்திருக்கிறாள். முந்தானை முழுக்க செதில் மின்னியது.

ஜமீன் இரண்டு மூன்று முறை கண்ணைக் கொட்டியது.

வால்டர் சட்டத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இத்தனை பேர் நடுவில் சொல்லவேண்டியிருந்தது. "செவ்வாக்கெயமயே இது இருந்திச்சு அங்கம்மா. எனக்குக் கிட்டத்துல கண்ணு தெரில. தெரிலன்னு எனக்கே தெரில. தெரியாமயே மெர்சலுன்னு சொல்லிட்டேன். நான் சொன்னத நம்பித்தான் நீ இவ்ளோ தூரம் வந்துட்டே. தப்பு என்னுது."

அங்கம்மா இடுப்பில் கையை வைத்தாள். கூட்டம் நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்த்தது.

"ஏன்யா, கடல் நடுவுல கீற கப்பலப் படிப்பே, என் மாட்டு கண்ணுல குந்திக்கினு கீற மீன் தெரிலியா உனுக்கு?" என்று ஆரம்பித்தவள், அதற்கு மேல் முடியாமல் சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "போட்டவ நானு, பாக்காதவன் நீயி. அனுபவிச்சது இந்த ஜமீன்தாரு. ரெண்டு பேரையும் முட்டணும் இது."

ஜமீன் அவள் முந்தானையை நக்கியது.

தரகர் தொண்டையைக் கனைத்தார். "துண்டுல பேசி முடிச்சது என்னாவறது?"

"கயிறு யாருது?" என்றாள் அங்கம்மா.

தரகர் ஜமீனின் கழுத்தைப் பார்த்தார். தன் தோளில் இருந்த புதுக் கயிற்றைப் பார்த்தார். பேச்சு அதோடு முடிந்தது. வழக்கம் வழக்கம்தான், அவருக்கும் அது தெரியும். குடையை விரித்தவர், போகாமல் நின்றார். ஷரீஃபுன்னிசாவின் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அந்த இரும்ப எனக்கு ஒரு தபா மாட்டிப் பாக்கலாமா? இப்பல்லாம் மாட்டுப் பல்லு எண்ண முடில," என்றார்.

அவர்தான் மருந்தகத்துக்கு வந்த இரண்டாவது ஆள்.

ஜமீனின் கண் தெளிய மூன்று வாரம் ஆனது. சனிக்கிழமை டாக்டர் ராமசுப்பு பார்த்துவிட்டு, தழும்பு ஒரு கடுகளவு நிற்கும், பார்வைக்குக் குறையில்லை என்றார். வால்டர் நடந்ததை ஒளிக்காமல் அவரிடமும் சொன்னார். கடந்த ஒரு வருஷத்தில் தான் கண் பார்த்துத் திருப்பி அனுப்பிய மாடுகள் எவை எவை என்று யோசித்து யோசித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் மறுபடி பார்த்தார். அதில் இரண்டு மாடுகளுக்கு வைத்தியம் தேவைப்பட்டது. ஒரு எருமைக்காரன் மட்டும் திட்டினான். மற்றவர்கள் மோர் கொடுத்தார்கள்.

டாக்டரே ஒரு யோசனையும் சொன்னார். வண்டிக்காரன் கண் மருந்தகத்துக்கு வரமாட்டான், மாட்டாஸ்பத்திரிக்கு வருவான். அதனால் வியாழக்கிழமைகளில் ஷரீஃபுன்னிசா சீப்பு அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இங்கே வந்தாள். பூவரச மரத்தில் அட்டை தொங்கும். ஒரு வரிசையில் மாடு, இன்னொரு வரிசையில் மாட்டுக்காரன். "சீப்புப் பல்லு எந்தப் பக்கம்?" என்று அவள் கேட்பதும், "மேல... கீய... இன்னாம்மா இது, பல்லே இல்ல!" என்று பதில் வருவதும், பக்கத்தில் மாடு அம்மா என்று கத்துவதும் அந்தத் தெருவுக்குப் பழகிவிட்டது. மருந்தகத்துக்கு ஆள் இல்லை என்ற பேச்சு அதன் பிறகு வரவில்லை. ஐந்தாம் வருஷம் அவளுக்கு உதவிக்கு இரண்டு பெண்களை டிரஸ்ட் போட்டது.

வால்டருக்கும் கண்ணாடி வந்தது. வந்த முதல் வாரத்தில் மூன்று தடவை தொலைத்தார். மாட்டைப் பார்க்கக் கீழே இறக்குவார், கப்பல் படிக்க நெற்றிக்கு ஏற்றுவார், அங்கேயே மறந்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவார். ஒரு தடவை அது புண்ணாக்குத் தொட்டியில் கிடைத்தது.

இதைக் கேள்விப்பட்ட அங்கம்மா ஒரு நாள் ஆலிஸின் தையல் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள். வால்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜமீனின் பழைய கழுத்துக் கயிற்றைப் பிரித்து, அதிலிருந்து மெல்லிசாக ஒரு கயிறு திரித்து, சிவப்பு நூல் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடியின் இரண்டு காதிலும் அதைக் கட்டி, வால்டரின் கழுத்தில் போட்டுவிட்டாள்.

"கயிறு மாத்தியாச்சு," என்றாள். "உன்ன நான் வாங்கிட்டேன் நைனா. இனிமே ஒயுங்கா என் மாட்டப் பாரு."

மெஷின் நின்றது. "யாரக் கேட்டு வாங்கிக்கினே?" என்றாள் ஆலிஸ். "துண்டுல விரல் புடிச்சது யாரு? பழைய கயிறு என் கைக்கு வந்திச்சா?" கழுத்துச் செயினிலிருந்த திருமணச் சிலுவையை எடுத்துக் காட்டினாள். "இதோ கீது பாரு ஒரிஜினலு!" மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வால்டருக்குப் புரை ஏறியது. அன்றைக்கு முள் இல்லை.

ஜமீன் இன்னும் நாலு வருஷம் வண்டி இழுத்தது. அதன் பிறகு அங்கம்மாவின் வீட்டு வாசலில் சும்மா நின்றபடி, போகிற வருகிற லாரிகளை இரண்டு கண்ணாலும் அலட்சியமாகப் பார்த்துவிட்டு, ஒரு நாள் படுத்து, எழுந்திருக்கவில்லை. புளியந்தோப்பை அது பார்க்கவே இல்லை. வால்டர் எழுபத்தேழாம் வருஷத்தில் ஓய்வுபெற்றார். கண்ணாடி நாலு தடவை மாறியது. கயிறு அதேதான், சிவப்பு நூல் மட்டும் வெளுத்துப்போய்விட்டது.

எழுபத்தொன்பதில், ஒரு கார்த்திகை மாதத்து மழைநாளில், அவரைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பாதிரியார் வந்துவிட்டார். வாசலில் வண்டிகள் நின்றன, எல்லாம் மாட்டு வண்டி. கண்ணாடி அவர் கழுத்தோடுதான் இருந்தது. மூடுவதற்கு முன்னால் ஆலிஸ் எழுந்து போய் அந்தக் கயிற்றை அவிழ்த்தாள். கண்ணாடியை அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள். கயிற்றை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

ஷரீஃபுன்னிசா அவள் கையைப் பிடித்து, "அண்ணனுக்கு அது புடிக்குமேக்கா, கூடவே போகட்டுமே," என்றாள்.

அங்கம்மா அருகில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு ஆலிஸைப் பார்த்தாள். ஆலிஸும் அவளைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

"கயித்தோட குடுக்கற வயக்கம் இல்லியே," என்றாள் ஆலிஸ்.